சதாபிஷேகக் குழுப்படம்: முகப்பு வாசலில் 45 பேரை எடுக்க எந்தக் குவியத்தொலைவு?

வளவுக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற தை மாதம் எங்கள் ஐயாவின் சதாபிஷேகம் பள்ளத்தூருக்கு அருகிலுள்ள பூர்விக வீட்டில் நடைபெற இருக்கிறது. சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று பிரிந்து வாழும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பங்காளிகள் எல்லோருமாக ஏறத்தாழ 45 பேர் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள். சடங்குகளைப் படமெடுக்கக் காரைக்குடியிலிருந்து ஒரு ஸ்டுடியோவை ஏற்பாடு செய்துவிட்டோம். ஆனால் குடும்பம் முழுவதும் சேர்ந்த குழுப்படத்தை மட்டும் பேரன்தான் எடுக்க வேண்டும் என்று ஐயா சொல்லிவிட்டார்கள்.

என்னிடம் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவும், 50 மி.மீ., 85 மி.மீ. குவியத்தொலைவுள்ள இரண்டு பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ்களும் இருக்கின்றன. வீடு கிழக்குப் பார்த்தது. முகப்பின் கடைசிப் படியிலிருந்து எதிர்ச்சுவர் வரை டேப் வைத்து அளந்ததில் 10 மீட்டர் வருகிறது. எதிரில் இருப்பது அடுத்த தெருவில் முகப்பு வைத்த ஒரு வீட்டின் பின்கட்டுச் சுவர். இது போதாது என்றால் ஊருணிக் கரையில் பெரிய பொட்டல் இருக்கிறது. அங்கே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம். ஆனால் படத்தில் வீடும் தெரிய வேண்டும் என்பது பெரியவர்கள் எல்லோருடைய ஆசை.

கடையில் விசாரித்தபோது, 24 மி.மீ. வாங்கினால் அத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள் என்றார்கள். நண்பர் ஒருவரோ, மனிதர்களை எடுக்க 85க்குக் கீழே போகவே கூடாது என்கிறார். ஒரு லென்ஸ் வாங்குவதற்கான பணம்தான் கையில் இருக்கிறது. 24 வாங்குவதா, 35 வாங்குவதா, அல்லது இருப்பதை வைத்தே எடுப்பதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.


கோணம் எழுதியது:

கடைக்காரரும் நண்பரும் லென்ஸிலிருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் நிற்கப்போகும் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு படத்தில் முன்வரிசைத் தலை எவ்வளவு பெரிதாக, பின்வரிசைத் தலை எவ்வளவு சிறிதாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது கேமராவுக்கும் மனிதர்களுக்கும் இடையிலுள்ள தூரம் மட்டுமே. அந்தத் தூரத்திலிருந்து பார்க்கும்போது காட்சியில் எவ்வளவு அகலத்தை வெட்டி எடுப்பது என்பதை மட்டும்தான் குவியத்தொலைவு செய்கிறது.

ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. ஆகவே தூரத்தை 36ஆல் பெருக்கிக் குவியத்தொலைவால் வகுத்தால், அந்தத் தூரத்தில் சட்டகத்துக்குள் அடங்கும் அகலம் கிடைத்துவிடும். உங்கள் 45 பேரை நான்கு வரிசைகளாக்கினால், நாற்காலி வரிசையில் 11 பேர் உட்காரலாம். நாற்காலிக்கு 55 செ.மீ. என்று வைத்தால் 6 மீட்டர். இரு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் இடம் விட்டால் மொத்தம் 8 மீட்டர் அகலம் வேண்டும். அதை 24 மி.மீ. லென்ஸில் நிரப்ப 5.3 மீட்டரில் நிற்க வேண்டும், 35இல் 7.8 மீட்டர், 50இல் 11 மீட்டர், 85இல் ஏறத்தாழ 19 மீட்டர்.

தரையில் உட்காரும் குழந்தைகளுக்கும் படியில் நிற்கும் கடைசி வரிசைக்கும் இடையே எப்படியும் இரண்டரை மீட்டர் ஆழம் இருக்கும். அந்த நான்கு தூரங்களிலும் இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். 24 மி.மீ. லென்ஸுக்காக 5.3 மீட்டருக்கு நெருங்கினால், பின்வரிசைத் தலை முன்வரிசைத் தலையின் 62 விழுக்காடு அளவுதான் இருக்கும். 35க்கு உரிய தூரத்தில் 72 விழுக்காடு, 50க்கு உரிய தூரத்தில் 80, 85க்கு உரிய தூரத்தில் 88. பின்வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் குடும்பத்தின் நடுவயதுக்காரர்கள், செலவு செய்தவர்கள். அவர்களைப் பாதியாகக் குறுக்கிவிட்டு அடுத்த விசேஷத்துக்கு ஊருக்குப் போவது கடினம்.

ஆகவே உங்கள் தெருவுக்கு என் விடை 35. முதுகைச் சுவரில் ஒட்டி நின்றால் நடு வரிசை 8.5 மீட்டர் தூரத்தில் இருக்கும், 35 மி.மீ. அங்கே 8.7 மீட்டர் அகலத்தைக் காட்டும். 50 அதே இடத்தில் 6.1 மீட்டரைத்தான் காட்டும். ஓரத்தில் இருப்பவர்களின் தோள் வெட்டுப்படும்.


தேவகோட்டைத் தெரு எழுதியது:

கணக்கு சரி, முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. பொட்டல் இருக்கும்போது ஏன் தெருவில் முட்டிக்கொள்ள வேண்டும்? ஊருணிக் கரைக்குப் போங்கள், 85ஐ மாட்டுங்கள், 19 மீட்டர் பின்னால் வாருங்கள். வரிசைகளுக்கு இடையே தலை அளவு ஏறத்தாழ ஒன்றாகிவிடும், ஓரத்தில் யாரும் இழுபட மாட்டார்கள், பின்னணியில் மரங்களும் கண்மாய்க் கரையும் மென்மையாக விலகிக் கிடக்கும். கையில் ஏற்கெனவே இருக்கும் லென்ஸ். ஒரு ரூபாய் செலவில்லை. நான் குடும்பப் படங்களுக்கு 85இலிருந்து 135 வரைதான் பயன்படுத்துகிறேன், கூட்டம் பெரிதானால் நான் பின்னால் நடக்கிறேன்.


பழைய ஸ்டுடியோ எழுதியது:

தம்பி தேவகோட்டைத் தெரு சொல்வது முகங்களைப் பொறுத்தவரை சரியானதே. ஆனால் 19 மீட்டருக்கு அப்பால் நின்றுகொண்டு, வேட்டி மடிப்பைச் சரிசெய்யுங்கள், ஆச்சி கொஞ்சம் இடப்பக்கம் சாயுங்கள், அந்தப் பையன் நாக்கை உள்ளே இழுக்கட்டும் என்றெல்லாம் சொல்லிப் பாருங்கள். பொட்டலில் காற்று உங்கள் குரலைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஒலிபெருக்கி வைத்தாலும் நீங்கள் ஒவ்வொருவருடைய கண்ணையும் பார்த்துப் பேச முடியாது. எண்பது வயதுப் பெரியவருக்குப் பாதி கேட்காது. அவர் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்கிறான் என்று திரும்பிக் கேட்கும் நொடியில்தான் ஷட்டர் விழும். பெரிய குழுவை அடக்கியாள 12 மீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது என் வழக்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் வீடுகளின் முகப்பிலும் பட்டாலையிலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பழைய குடும்பப் படங்களை நாற்காலி போட்டு ஏறி நிதானமாகப் பாருங்கள். எந்தக் கோடியில் இருப்பவரின் முகமும் இழுபட்டிருக்காது, பின்வரிசையும் மிகச் சிறுத்திருக்காது. முழுத்தட்டு என்று நாங்கள் சொன்ன கண்ணாடித் தட்டு ஆறரை அங்குலத்துக்கு எட்டரை அங்குலம். அதில் 12 அங்குல லென்ஸைப் பொருத்தினால், இன்றைய ஃபுல் ஃப்ரேமில் 50க்குச் சற்றுக் குறைவான குவியத்தொலைவு தரும் அதே பார்வைதான். முகப்பில் தொங்கும் படங்களோடு உங்கள் படமும் ஒரு வரிசையில் தொங்க வேண்டும் என்றால், 50க்கு அருகிலேயே இருங்கள். 35 வரை இறங்கலாம். அதற்குக் கீழே இறங்கினால் பழைய படங்களின் குடும்பத்தில் அது சேராது.


கண்டனூர் மீனா எழுதியது:

நல்ல விவாதம். எங்கள் வீட்டில் கேமரா கிடையாது. போன வருடப் படைப்பு (முன்னோர் வழிபாடு) அன்று எல்லாப் படங்களையும் கைபேசியில்தான் எடுத்தோம். இரண்டு கோடிகளிலும் நின்ற அத்தைமார்கள் இருவரும் படத்தைப் பார்த்துவிட்டு என்னோடு பேசவில்லை. ஒல்லியான அத்தைகூட அகலமாகத் தெரிந்தார்கள். நடுவில் இருந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. இது லென்ஸின் குறையா, நான் நின்ற இடத்தின் குறையா? கைபேசியில் இதற்கு வழி உண்டா?


கோணம் எழுதியது:

மீனா ஆச்சிக்கு: அது லென்ஸின் குறையன்று. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த லென்ஸும் அப்படித்தான் செய்யும். சட்டகத்தின் நடுவிலிருந்து எந்தக் கோணத்தில் ஒருவர் நிற்கிறாரோ, அந்தக் கோணத்துக்கு ஏற்ப அவருடைய தலை ஓரத்தை நோக்கி நீளும். தரையில் நேர்வரிசையாக நிற்பவர்களின் உயரம் மாறாது, அகலம் மட்டும் கூடும். அதனால்தான் கோடியில் நிற்பவர் பருத்துத் தெரிகிறார். ஃபுல் ஃப்ரேம் சட்டகத்தின் இடது, வலது விளிம்புகளில் இந்த நீட்சி 24 மி.மீ. லென்ஸில் 25 விழுக்காடு, 35இல் 12, 50இல் 6, 85இல் 2. ஆறு விழுக்காட்டை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், பன்னிரண்டைக் கண்ணாடியில் தன் முகத்தை நன்கு அறிந்தவர்கள் கண்டுகொள்வார்கள், இருபத்தைந்துக்குத்தான் உறவு முறியும்.

கைபேசியின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. வரையிலான பார்வைக்குச் சமமானது. 0.5 என்று வரும் அகலக் கேமராவோ 13 மி.மீ. அளவு; அதன் ஓரத்தில் தலை ஒன்றரை மடங்குக்கு மேல் அகன்றுவிடும். ஆகவே திரையில் 2 என்பதைத் தட்டி, சட்டகம் நிரம்பும்வரை பின்னால் நடந்து செல்லுங்கள். அது 50க்கு அருகிலான பார்வை. கைபேசியில் குழுப்படத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை.

இங்கே ஒரு நுணுக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வளவுக்காரன் வீடும் தெரிய வேண்டும் என்கிறார். நீட்சியைத் தீர்மானிப்பது கோணம் என்பதால், 24 மி.மீ. லென்ஸில் எடுத்தாலும் மனிதர்களை நடுவில் மட்டும் வைத்து, ஓரங்களைத் தூண்களுக்கும் திண்ணைக்கும் விட்டுவிட்டால் முகங்கள் கெடாது. பத்து மீட்டரில் நின்று, 6 மீட்டர் அகலமுள்ள கூட்டத்தை 24இல் எடுத்தால் கோடியில் இருப்பவருக்கு நீட்சி 4 விழுக்காடுதான். சட்டகம் 15 மீட்டர் அகலமும் 10 மீட்டர் உயரமும் காட்டும். முகப்பு முழுவதும் உள்ளே வந்துவிடும். இதற்குரிய விலை வேறொரு பக்கத்தில் கொடுக்கப்படுகிறது. 6000 பிக்சல் 15 மீட்டருக்குப் பங்கிடப்படுவதால் மீட்டருக்கு 400 பிக்சல், 16 செ.மீ. அகலமுள்ள முகத்துக்கு 64 பிக்சல். பதினெட்டு அங்குல அகலத்தில் அச்சிட்டால் ஒவ்வொரு முகமும் 5 மி.மீ. இருக்கும். வீட்டின் படமாக அது அருமையாக அமையும். அதில் யார் எங்கே என்று விரல் வைத்துத்தான் தேட வேண்டும்.


செம்பாறை எழுதியது:

இரண்டு படம் எடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. காலையில் வீட்டுக்காக ஒன்று, மாலையில் முகங்களுக்காக ஒன்று.

வீடு கிழக்குப் பார்த்தது என்கிறீர்கள். காலை வெயில் முகப்பின் மேல் நேராக விழும்போது சுண்ணாம்புச் சுவரும் சுதை வேலைப்பாடும் மிக அழகாக இருக்கும். ஆனால் வெயிலை எதிர்கொண்டு நிற்கும் 45 பேரும் கண்ணைச் சுருக்குவார்கள். மாலை 4 மணிக்கு மேல் வீட்டின் நிழல் தெரு முழுவதும் பரவிவிடும். அப்போது எதிரிலுள்ள பின்கட்டுச் சுவரின் மேற்பகுதியில் மட்டும் மேற்கு வெயில் படும். அந்தச் சுவர் வெள்ளையாக இருந்தால் அதுவே பெரிய ஒளித்திருப்பி; ஃபிளாஷ் எதுவும் தேவையில்லை. கேமராவும் நிழலுக்குள்ளேயே இருக்கும்வரை லென்ஸில் வெயில் அடிக்காது.

இந்த இடத்தில் குவியத்தொலைவு மீண்டும் முக்கியமாகிறது. மாலையில் வீட்டுக்குப் பின்னால் மேற்கு வானம் வெளுத்துக் கிடக்கும். 24 மி.மீ. லென்ஸ் கூரைக்கு மேலுள்ள அந்த வானத்தையும் உள்ளே கொண்டுவந்துவிடும். முகத்துக்கு ஒளி வைத்தால் வானம் வெடிக்கும், வானத்துக்கு வைத்தால் முகம் இருளும். 35ஓ 50ஓ என்றால் தூணும் நிலைக்கதவும் முதல் மாடியின் அடிப்பகுதியும் மட்டும் பின்னணியாக அமைந்து, சட்டகம் முழுவதும் ஒரே நிழல் ஒளியில் இருக்கும். நான் 35க்கும் 50க்கும் வாக்களிக்க இதுவே முதல் காரணம்.

நம் ஊர்ச் செம்மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயில் படும் செம்மண் தரை, தாடைக்கு அடியிலும் வெள்ளை வேட்டியின் கீழ்ப்பாதியிலும் சிவப்பைப் பூசிவிடும். பொட்டலில் இது தெருவைவிட மோசம். அங்கேயே எடுப்பதானால் குழந்தைகள் உட்காரும் இடத்துக்கும் முன்னால் வெளிறிய நிறத்து விரிப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள்.


தேவகோட்டைத் தெரு எழுதியது:

செம்பாறை அண்ணனுக்கு நன்றி. ஆனால் லென்ஸ் துவாரத்தின் அளவைச் சொல்லும் எஃப் எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான்கு வரிசை என்றால் எல்லோரும் துவாரத்தைச் சுருக்கி எஃப்/11, எஃப்/16 என்று போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் மாலை நிழலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) ஏறும், ஷட்டர் வேகம் குறையும், குழந்தைகள் அசைந்து மங்குவார்கள்.


கோணம் எழுதியது:

தேவையே இல்லை. 50 மி.மீ. லென்ஸை எஃப்/5.6இல் வைத்து 10.5 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், 0.03 மி.மீ. என்ற வழக்கமான தெளிவு அளவுகோலின்படி 6 மீட்டர் முதல் 35 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டரை மீட்டர். அந்த அளவுகோல் சிறிய அச்சுக்கானது, பெரிதாக்கி மாட்டப்போகிறோம் என்று கவலைப்படுபவர்கள் எஃப்/8 வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போவதில் பயனில்லை. ஃபோகஸை நாற்காலியில் இருக்கும் ஐயாவின் கண்ணில் வையுங்கள். நிழல் ஒளியில் எஃப்/5.6, நொடியில் 250இல் ஒரு பங்கு என்றால் ஐஎஸ்ஓ 200 முதல் 400 வரை போதுமானதாக இருக்கும்.

இதிலிருந்து வாங்குவதைப் பற்றியும் ஒரு முடிவு கிடைக்கிறது. 35 மி.மீ. வாங்குவதானால் எஃப்/1.4க்குப் பணம் கொட்ட வேண்டாம். எஃப்/1.8 அல்லது எஃப்/2 லென்ஸைப் பழையதாக வாங்கினாலும் எஃப்/5.6இல் ஓரம் வரை கூர்மையாக இருக்கும்.


வளவுக்காரன் எழுதியது:

இவ்வளவு விரிவான விடைகளை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. ஒரு புதுச் செய்தி. எதிர்ச்சுவரில் பின்கட்டு வாசல் ஒன்று இருக்கிறது, எங்கள் படிக்கு நேர் எதிரே. அந்த வீட்டுக்காரர்கள் மலேசியாவில் இருக்கிறார்கள். சாவி காவல்காரரிடம் இருக்கிறது, கேட்டால் திறந்துவிடுவார். கதவின் அகலம் 1.2 மீட்டர். உள்ளே நீண்ட நடை, வேண்டிய அளவு பின்னால் போகலாம். அப்படியென்றால் 50 போதும், அல்லது 85ஐக்கூடப் பயன்படுத்தலாம் அல்லவா?


கோணம் எழுதியது:

திறக்கச் சொல்லுங்கள், ஆனால் வேண்டிய அளவு பின்னால் போக முடியாது. உள்ளே நகர நகரக் கதவின் நிலையே சட்டகத்துக்குள் வந்துவிடும். எவ்வளவு உள்ளே போகலாம் என்பதற்கும் அதே சூத்திரம்தான்: கதவின் அகலத்தைக் குவியத்தொலைவால் பெருக்கி 36ஆல் வகுக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு 1.2 மீட்டர் கதவு 1.6 மீட்டர் வரை இடம் தரும், 85க்கு 2.8 மீட்டர். இதை நிலையின் தெருப்பக்க விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். நம் பக்கத்துச் சுவர்களின் கனத்தை நினைத்தால் அந்த 1.6 மீட்டரில் நல்ல பங்கு சுவருக்குள்ளேயே போய்விடும்.

உங்கள் நடு வரிசை சுவரிலிருந்து 9 மீட்டர் என்று வைத்தால், ஒன்றரை மீட்டர் உள்ளே நின்று 50இல் எடுக்கும்போது தூரம் 10.5 மீட்டர், அகலம் 7.5 மீட்டர். ஆறு மீட்டர் வரிசைக்கு இரு பக்கமும் 75 செ.மீ. மிஞ்சும். போதும், ஆனால் கேமரா கதவின் நட்டநடுவில் இருக்க வேண்டும், ஒரு கை அளவு விலகினாலும் ஒரு பக்க நிலை உள்ளே எட்டிப்பார்க்கும். ட்ரைபாட் அவசியம். 85 இந்த வாசலில் 2.8 மீட்டர் உள்ளே போனாலும் 5 மீட்டர் அகலத்தைத்தான் காட்டும். மொத்தக் கூட்டத்துக்கு ஆகாது.

ஆக, சாவி கிடைக்கும் என்பது உறுதியானால் நீங்கள் எதையும் வாங்க வேண்டாம், 50 போதும். அன்றைக்குக் காவல்காரர் சாவியோடு வேறு ஊருக்குப் போய்விடக்கூடும் என்று நினைத்தால் 35 ஒன்றை ஒரு நாள் வாடகைக்காவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவதே விருப்பம் என்றாலும் 24 வேண்டாம். நம் ஊர்த் தெருக்களுக்கு 35தான் காலத்துக்கும் உதவும்.


செம்பாறை எழுதியது:

இந்த இழையைப் படிக்கும் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராக்காரர்களுக்காக: இங்கே சொல்லப்பட்ட எண்கள் எல்லாம் ஃபுல் ஃப்ரேமுக்கு உரியவை. நிக்கான், சோனி, ஃபூஜி என்றால் ஒன்றரையால் வகுங்கள், கேனான் என்றால் 1.6ஆல். 35க்குப் பதில் கேமராவோடு வரும் கிட் லென்ஸை 22, 23 அருகில் வையுங்கள். 50க்குப் பதில் 33 அருகில். பலரும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை ஏபிஎஸ்-சியில் மாட்டிக்கொண்டு தெருவில் இடம் போதவில்லை என்கிறார்கள். அது அங்கே 75 அல்லது 80 ஆகிவிடுகிறது. குழுப்படத்தைப் பொறுத்தவரை, எஃப்/8இல் வைத்த சாதாரண 18-55 கிட் லென்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.


தேவகோட்டைத் தெரு எழுதியது:

கோணம் அவர்களின் வாசல் கணக்கு அழகு. இருந்தாலும் 85ஐ வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள் என்று வளவுக்காரனைக் கேட்டுக்கொள்கிறேன். நாற்பத்தைந்து பேர் படம் சுவருக்குப் போகும். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் குடும்பத்தையும் ஐயாவோடும் ஆயாவோடும் தனித்தனியாக எடுத்த ஆறு, ஏழு பேர் படங்களைத்தான் அந்தந்த வீட்டில் கேட்டு வாங்குவார்கள். அதற்கு 9 மீட்டரில் நின்று 85இல் எடுத்தால் 3.8 மீட்டர் அகலம் கிடைக்கும். இரண்டு வரிசைக்கு எஃப்/4 போதும். அந்தத் தூரத்தில் குரலும் எட்டும். இதை அதே தெருவில், பெரிய படம் முடிந்த கையோடு, நாற்காலிகளை எடுப்பதற்கு முன்பே செய்துவிடலாம்.


பழைய ஸ்டுடியோ எழுதியது:

முகம் தெரியும் படத்துக்கு 50 என்று முடிவானது மகிழ்ச்சி. லென்ஸோடு சேர்த்து வரிசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குவியத்தொலைவு எதுவானாலும் வரிசை கெட்டால் படம் கெடும்.

நாற்காலிகளைப் பிறை போல வளைத்துப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. சுழன்று எடுக்கும் பழைய நீள்படக் கேமராக்களுக்கு அந்த வளைவு தேவைப்பட்டது. உங்கள் லென்ஸுக்கு நேர்வரிசைதான் நல்லது. வளைத்தால் கோடியில் இருப்பவர்கள் கேமராவை நோக்கி முன்னால் வந்துவிடுவார்கள். ஏற்கெனவே ஓரத்தில் அகன்று தெரியும் அவர்கள் இன்னும் பெரிதாவார்கள். நாற்காலிகளை நேராகப் போட்டு, கடைசி இரண்டிரண்டு பேரை மட்டும் தோளை நடுப்பக்கம் சற்றே திருப்பி உட்காரச் சொல்லுங்கள். திரும்பிய தோள் குறைந்த அகலம் எடுக்கும். அகலமான உடம்புக்காரர்களையும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களையும் கோடியில் நிறுத்தாதீர்கள். ஒல்லியான இளைஞர்களுக்கு அந்த இடத்தைக் கொடுங்கள், அவர்கள் கொஞ்சம் அகன்று தெரிந்தால் மகிழ்ச்சியே அடைவார்கள்.

உயரத்தைப் பொறுத்தவரை, திண்ணை உயரமும் படியும் உங்களுக்குக் கிடைத்த வரம். கேமராவைத் தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் வைத்தால் முன்தலைகள் பின்முகங்களை மறைக்கா. அதற்கு மேல் ஏணி போட்டு ஏறி லென்ஸைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் அடியில் குறுகும். தேக்குத் தூண் சாய்ந்து நிற்பதை எந்தச் செட்டியாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார். காலையில் எடுக்கும் வீட்டுப் படத்துக்குக் கேமராவை மட்டமாக வைத்து, மேலே வேண்டியது வரும்வரை பின்னால் போய், கீழே மிகுதியாக விழும் தரையை அச்சிடும்போது வெட்டிவிடுங்கள்.


வளவுக்காரன் எழுதியது:

காவல்காரரிடம் பேசிவிட்டேன், சாவி அன்று காலையிலேயே எங்கள் வீட்டில் இருக்கும். நேற்று மாலை ஐந்து நாற்காலிகளைப் போட்டு, 50 மி.மீ. லென்ஸை அந்த வாசலுக்குள் வைத்துப் பார்த்தேன். சுவரின் கனம் போக உள்ளே ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே நகர முடிகிறது. அகலம் 7 மீட்டர்தான் கிடைக்கிறது. ஒரு நாற்காலியைக் குறைத்து 10 பேரை உட்கார வைத்தால் போதுமா, அல்லது 35ஐ வாடகைக்கு எடுத்துவிடலாமா?


கோணம் எழுதியது:

ஒரு நாற்காலியைக் குறையுங்கள், அந்த ஒருவரைப் படியில் நிற்கும் வரிசைக்கு மாற்றுங்கள். நிற்பவர்கள் சற்றே பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஆளுக்கு 45 செ.மீ. போதும், அங்கே 14 பேர் 6.3 மீட்டரில் அடங்குவார்கள். படி வரிசை நடுவரிசையைவிடத் தொலைவில் இருப்பதால் அங்கே உங்களுக்கு 7 மீட்டருக்கு மேலேயே கிடைக்கும். 35 வாடகையை மிச்சப்படுத்தி அந்தப் பணத்தில் இன்னொரு மெமரி கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். 45 பேரும் ஒரே நேரத்தில் கண் திறந்திருக்கும் படம் வேண்டுமானால் ஒவ்வொரு அமைப்பிலும் இருபதுக்குக் குறையாமல் எடுக்க வேண்டியிருக்கும்.